டிக்ளேர் எப்போது செய்வது, பந்தை எதுவரை தேய்ப்பது: டெஸ்ட் ஆட்டத்தை ஓவர் எண்ணிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

டெஸ்ட் மேட்சில் ஜெயிக்க வேண்டுமானால், எதிரணி தானாக இன்னிங்ஸை முடித்துக்கொண்டால் ஒழிய, அதன் இருபது விக்கெட்டையும் எடுத்தாக வேண்டும். அறுநூறு ரன் குவித்தாலும் அதற்கு விலக்கு இல்லை. டிக்ளேர் பற்றிய சண்டையும் சரி, பந்தைச் சேதப்படுத்திய சண்டையும் சரி, இரண்டுமே இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. இருபது விக்கெட்டுக்கு நேரம் பத்தாது என்று தோன்றும்போது கேப்டன் டிக்ளேர் செய்கிறார், அதாவது விக்கெட் மிச்சமிருக்கும்போதே தன் அணியின் இன்னிங்ஸை முடித்துக்கொள்கிறார். நேரம் இருந்தும் பந்து ஒன்றும் செய்யவில்லை என்றால் சிலருக்குக் கை சும்மா இருப்பதில்லை.

நம்ம நெல்லைப் பக்கத்துப் பையன்கள் பலர் சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்தில் டி.என்.பி.எல். பார்த்து வளர்ந்தவர்கள். இருபது ஓவர் கணக்கு அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கிறது. டெஸ்ட் மேட்ச் என்று வந்துவிட்டால், "லீட் முந்நூறைத் தாண்டிட்டு, இன்னும் ஏன் ஆடிக்கிட்டே இருக்கானுவ அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அவர்களுக்காகவும், கல்லூரி அணியிலோ கிளப்பிலோ இரண்டு நாள் ஆட்டத்துக்குக் கேப்டனாக இறங்கப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

டிக்ளேர்: சட்டம் சொல்வது

கிரிக்கெட் சட்டங்களில் 15ஆவது சட்டம் இதற்கானது. பந்து டெட் ஆன (ஆட்டத்தில் இல்லாத நிலைக்கு வந்த) பிறகு, இன்னிங்ஸின் எந்தக் கட்டத்திலும் பேட்டிங் கேப்டன் டிக்ளேர் செய்யலாம். ஒரு பந்துகூட ஆடாமல் இன்னிங்ஸையே விட்டுக்கொடுக்கவும் செய்யலாம். எதிரணிக் கேப்டனுக்கும் அம்பயர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவித்துவிட்டால் அவ்வளவுதான், வாபஸ் வாங்க முடியாது.

கூடவே பாலோ-ஆன் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து நாள் ஆட்டத்தில், முதலில் ஆடிய அணிக்கு முதல் இன்னிங்ஸில் 200 ரன் லீட் இருந்தால் எதிரணியைத் திரும்ப ஆடச் சொல்லலாம். மூன்று, நான்கு நாள் ஆட்டத்துக்கு 150, இரண்டு நாள் ஆட்டத்துக்கு 100, ஒரே நாளில் நடக்கும் இரண்டு இன்னிங்ஸ் ஆட்டத்துக்கு 75. முதல் நாள் முழுக்க மழையில் போய்விட்டால், மிச்சமிருக்கும் நாள்களை வைத்துத்தான் இந்தக் கணக்கு. ஐந்து நாள் டெஸ்ட் அப்போது நான்கு நாள் ஆட்டமாகிவிடும், 150 போதும்.

முதல் படி: ரன்னை விடுங்கள், ஓவரை எண்ணுங்கள்

டீக்கடை வாதம் எப்போதும் ரன்னில்தான் தொடங்கும். "முந்நூறு போதுமா, முந்நூற்றைம்பது வேணுமா?" நான் சொல்வது, ஓவரிலிருந்து தொடங்குங்கள்.

டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர். நான்காம் நாள் டீ இடைவேளைக்குள் 60 ஓவர் சரியாக முடிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். டீயிலேயே டிக்ளேர் செய்தால், அன்றைக்கு 30, கடைசி நாள் 90, ஆக 120 ஓவர் கையில் இருக்கும். டீக்குப் பிறகு இன்னும் 12 ஓவர் ஆடிவிட்டு டிக்ளேர் செய்தால், அந்த 12 மட்டும் போகாது. இன்னிங்ஸ் மாறும் பத்து நிமிடத்துக்கு இரண்டு ஓவர் கழித்துவிடுவார்கள். மிச்சம் 106. டீயில் டிக்ளேர் செய்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் இடைவேளைக்குள்ளேயே அடங்கியிருக்கும். பெரும்பாலான கேப்டன்கள் லஞ்சிலோ, டீயிலோ, ராத்திரியோடு ராத்திரியாகவோ டிக்ளேர் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது புதுப் பந்தை உள்ளே கொண்டுவாருங்கள். 80 ஓவர் முடிந்தால் பீல்டிங் அணி புதுப் பந்து கேட்கலாம். 120 ஓவர் இருந்தால் இரண்டாவது புதுப் பந்தில் 40 ஓவர் போடலாம். 106 என்றால் 26. வெறும் 85 ஓவர் வைத்துக்கொண்டு டிக்ளேர் செய்தால், புதுப் பந்து கையில் வரும்போது ஐந்து ஓவர்தான் மிச்சம், சோர்ந்த பவுலர்களுக்கு அது ஒன்றுக்கும் ஆகாது. அதனால் என் கணக்கில் நூறு ஓவருக்கு மேல் வைப்பது நல்ல டிக்ளேர். இல்லாவிட்டால் எழுபதுக்குள் வைத்து, ஒரே பந்தில் முடிக்கும் துணிச்சல் வேண்டும். நடுவில் எண்பது, எண்பத்தைந்தில் நிற்பதுதான் மோசம்.

துணிச்சலுக்கு உதாரணம் 2021 ஆகஸ்ட், லார்ட்ஸ். கடைசி நாள் ஷமியும் பும்ராவும் பிரியாமல் 89 ரன் சேர்த்தார்கள். கோலி 298க்கு 8 என்ற நிலையில் டிக்ளேர் செய்து இங்கிலாந்துக்கு 60 ஓவரில் 272 ரன் இலக்கு வைத்தார். இரண்டாவது புதுப் பந்து என்ற பேச்சே இல்லை. 51.5 ஓவரில் 120க்குச் சுருட்டிவிட்டார்கள்.

வெளிச்சத்தையும் ஓவர் கணக்கில் சேர்க்க வேண்டும். காகிதத்தில் 90 ஓவர் இருக்கும், மைதானத்தில் 75தான் கிடைக்கும். குளிர்காலத்தில் பாகிஸ்தானிலும் நம்ம வட இந்தியாவிலும் இது வழக்கம்.

இரண்டாம் படி: எதிரணிக்கு ஆசை காட்டுங்கள்

ஓவர் முடிவானதும் ரன்னுக்கு வருவோம். ஓவருக்கு இரண்டரை ரன் தேவை என்றால் எதிரணி அவசரமே படாமல் ஜெயிக்கும். ஐந்து தேவை என்றால் முதல் பந்திலிருந்தே தடுத்தாடத் தொடங்குவார்கள், ஸ்லிப்புக்குக் கேட்ச் வராது. ஓவருக்கு மூன்றேகால் முதல் மூன்றே முக்கால் வரைதான் ருசியான இடம் என்பது என் எண்ணம். பேட்ஸ்மேனுக்கு ஆசையும் இருக்கும், தப்பு செய்ய இடமும் இருக்கும்.

இந்த ஆசை காட்டும் வேலை எப்படிக் கையைச் சுடும் என்பதற்கு 1968 போர்ட் ஆஃப் ஸ்பெயின் ஒரு பாடம். வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் சோபர்ஸ் இரண்டாவது இன்னிங்ஸில் 92க்கு 2 என்ற நிலையிலேயே டிக்ளேர் செய்து, இங்கிலாந்துக்கு 165 நிமிடத்தில் 215 வைத்தார். முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்தின் பின்வரிசை தன் அணியின் பேசில் புட்சர் போட்ட லெக் ஸ்பின்னில் சரிந்து விழுந்ததைப் பார்த்த தைரியம் அது. ஆனால் வேகப்பந்து வீச்சாளர் கிரிஃபித் காயத்தால் பந்து வீச முடியாத நிலையில் இருந்தார். பாய்காட் 80 எடுத்து நின்றார், கேப்டன் கௌட்ரி 71. மூன்று நிமிடம் மிச்சமிருக்க, ஏழு விக்கெட்டில் இங்கிலாந்து ஜெயித்தது. அந்தத் தொடரில் முடிவு கிடைத்த ஒரே ஆட்டமும் அதுதான். ஊரே சோபர்ஸைத் திட்டித் தீர்த்தது. எனக்கு அவர்மேல் ஒரே ஒரு குறைதான். ஒரு பிரதான பவுலர் இல்லாதபோது ஓவர் கணக்கு மாறுகிறது, அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அதே மைதானத்தில் 1976 ஏப்ரலில் கிளைவ் லாயிட் இந்தியாவுக்கு 403 வைத்தார். கவாஸ்கர் 102, விஸ்வநாத் 112, மொஹிந்தர் அமர்நாத் 85. நான்கு விக்கெட் இழப்புக்கு 406. மூன்று ஸ்பின்னர்களை வைத்துக்கொண்டும் கடைசி நாள் பிட்ச்சில் நம்மை ஆட்டமிழக்கச் செய்ய முடியவில்லை. லாயிட் அதற்குப் பிறகு ஸ்பின்னை நம்புவதைக் குறைத்துக்கொண்டு நான்கு வேகப்பந்து வீச்சாளர்களோடு இறங்கத் தொடங்கினார். ஒரு டிக்ளேர் தோற்றதில் உலக கிரிக்கெட்டின் போக்கே மாறியது என்று சொன்னால் மிகையில்லை.

நம்ம சேப்பாக்கம் 2008ஐ மறக்க முடியுமா? மும்பைத் தாக்குதல் முடிந்து சில வாரம்கூட ஆகாத டிசம்பர். இங்கிலாந்து 311க்கு 9 என்று டிக்ளேர் செய்து 387 வைத்தது. நான்காம் நாள் சாயங்காலமே சேவாக் 68 பந்தில் 83 அடித்து அந்தக் கணக்கை உடைத்துவிட்டார். மறுநாள் சச்சின் 103, யுவராஜ் 85, இருவரும் ஆட்டமிழக்காமல் முடித்தார்கள். அதில் கவனிக்க வேண்டியது டிக்ளேர் நேரத்தை விட, அதற்கு முந்தைய ஆட்டம். ஸ்ட்ராஸும் காலிங்வுட்டும் 214 ரன் சேர்த்துப் பிரிந்த பிறகு இங்கிலாந்தின் வேகம் இறங்கிவிட்டது. டிக்ளேர் செய்யப்போகிற அணி, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை விக்கெட்டைப் பற்றிக் கவலைப்படாமல் ஆட வேண்டும். நிதானமாக ஆடிவிட்டுத் தாமதமாக டிக்ளேர் செய்வதில் இரண்டு நஷ்டம்: ரன்னும் வராது, ஓவரும் போகும்.

மூன்றாம் படி: பிட்ச்சும் ரோலரும்

நாம் டிக்ளேர் செய்த பிறகு, எதிரணி இன்னிங்ஸ் தொடங்கும் முன்பு அந்த அணியின் கேப்டன் கேட்டால் ஏழு நிமிடம் வரை ரோலர் ஓட்டலாம். ஒவ்வொரு நாள் ஆட்டம் தொடங்கும் முன்பும், அப்போது பேட்டிங் செய்கிற அணிக்கு அந்த உரிமை உண்டு. இதை ஆயுதமாகப் பயன்படுத்தப் பார்த்தவர் இங்கிலாந்து கேப்டன் யார்ட்லி. 1948 ஹெடிங்லி. நான்காம் நாள் முடிவில் 362க்கு 8. அப்போதே டிக்ளேர் செய்திருக்கலாம். ஆனால் கடைசி நாள் காலையில் இரண்டே ஓவர் ஆடி, மூன்று ரன் சேர்த்துவிட்டு 365க்கு டிக்ளேர் செய்தார். ஏன் தெரியுமா? காலையில் தானும் கனமான ரோலர் ஓட்டச் சொல்லலாம், பிட்ச் இன்னும் உடையும் என்ற கணக்கு. 404 ரன் இலக்கு. மாரிஸ் 182, பிராட்மேன் ஆட்டமிழக்காமல் 173. ஆஸ்திரேலியா மூன்றே விக்கெட் இழந்து ஒரே நாளில் எடுத்துவிட்டது.

பிட்ச்சைப் பார்க்கும்போது ஸ்கோர் போர்டை நம்பாதீர்கள். பவுலரின் காலடி விழுந்து பெயர்ந்த இடம் எந்தப் பக்கம் இருக்கிறது, நம்ம ஆப் ஸ்பின்னருக்கா, இடதுகை ஸ்பின்னருக்கா அது உதவும் என்று பாருங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் எத்தனை பந்து தாழ்ந்து வந்தது என்றும் பாருங்கள். டிவி பார்ப்பவர்கள் விக்கெட் கீப்பரின் கையைப் பார்த்தால் போதும். அவர் கணுக்கால் உயரத்தில் பந்து பிடிக்கத் தொடங்கிவிட்டால் டிக்ளேர் நெருங்கிவிட்டது.

நான்காம் படி: பவுலர்களின் உடம்பும் தொடரின் நிலையும்

2001 கொல்கத்தாவில் ஸ்டீவ் வாஹ் நமக்குப் பாலோ-ஆன் கொடுத்தார். லக்ஷ்மண் 281, டிராவிட் 180. ஓய்வில்லாமல் பந்து வீசிய ஆஸ்திரேலிய பவுலர்களுக்கு மூச்சு முட்டியது. 171 ரன்னில் நாம் ஜெயித்தோம். அதற்குப் பிறகு பல கேப்டன்கள் பாலோ-ஆன் கொடுக்கும் வாய்ப்பு இருந்தும், திரும்ப ஆடி, பவுலர்களைக் காலை நீட்ட விட்டு, பிறகு டிக்ளேர் செய்கிறார்கள். சில சமயம் அது அளவுக்கு மீறிய பயம். ஆனால் சாப்பாடு, தூக்கம், கணுக்கால் வீக்கம் எல்லாம் டிக்ளேர் கணக்கில் வரும் என்பது உண்மை.

தொடரின் நிலை இன்னும் முக்கியம். அதே 2001இல் ஹெடிங்லியில், காயமடைந்த வாஹுக்குப் பதில் கேப்டனாக நின்ற கில்கிறிஸ்ட் 176க்கு 4 என்ற நிலையில் டிக்ளேர் செய்து இங்கிலாந்துக்கு 315 வைத்தார். ஆஷஸ் தொடர் ஏற்கெனவே கையில் இருந்தது, தோற்றாலும் பெரிய நஷ்டமில்லை. மார்க் புட்சர் 173 எடுத்து நின்று ஜெயித்துக் கொடுத்தார். 2006 ஜனவரி சிட்னியில் கிரேம் ஸ்மித் வேறு நிலையில் இருந்தார். தொடரில் ஒன்றுக்குப் பூஜ்யம் பின்தங்கியிருந்த தென்னாப்பிரிக்காவுக்கு டிரா ஆனால் தொடர் போய்விடும். ஆஸ்திரேலியாவுக்கு 287 வைத்தார், நூறாவது டெஸ்ட் ஆடிய பாண்டிங் ஆட்டமிழக்காமல் 143 அடித்தார், எட்டு விக்கெட்டில் தோல்வி. அந்த டிக்ளேரை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வேறு வழி இல்லை, இருந்த ஒரே வழியில் நேராகப் போனார்.

தனிமனித சாதனைக்காக டிக்ளேரைத் தள்ளிப் போடலாமா? 2004 முல்தானில் சச்சின் 194இல் நிற்கும்போது டிராவிட் டிக்ளேர் செய்தார். நம்ம ஊரில் பாதிப் பேர் இன்னும் அதை ஜீரணிக்கவில்லை. இந்தியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. நான் டிராவிட் கட்சி.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். டிக்ளேர் வெளிப்படையாக நடக்கிற விஷயம்தான், அதிலும் அழுக்கு புகுந்திருக்கிறது. 2000 ஜனவரி செஞ்சூரியனில் மழையால் மூன்று நாள் போய்விட்ட ஆட்டத்தில், தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்சி குரோன்யே இரு அணிகளும் ஒவ்வோர் இன்னிங்ஸை விட்டுக்கொடுத்து ஆடலாம் என்று யோசனை சொன்னார். இங்கிலாந்துக்கு 249 இலக்கு, இரண்டு விக்கெட்டில் ஜெயித்தது. எல்லோரும் பாராட்டினார்கள். சில மாதம் கழித்து, ஆட்டம் டிரா ஆகாமல் பார்த்துக்கொள்ள ஒரு சூதாட்டக்காரர் அவருக்குப் பணமும் ஒரு லெதர் ஜாக்கெட்டும் கொடுத்தது வெளியே வந்தது.

ஐந்தாம் படி: டிக்ளேரையும் பந்தையும் சேர்த்துப் பாருங்கள்

இங்கேதான் இரண்டு விஷயமும் கைகோக்கின்றன. 2022 டிசம்பர் ராவல்பிண்டி. ரோடு மாதிரி பிட்ச். இங்கிலாந்து முதல் நாளே 506க்கு 4, மொத்தம் 657. பாகிஸ்தான் 579. யாரைக் கேட்டாலும் டிரா என்பார்கள். பென் ஸ்டோக்ஸ் நான்காம் நாள் டீயில் 264க்கு 7 என்று டிக்ளேர் செய்து 343 வைத்தார். வெளிச்சம் தினமும் சீக்கிரம் போய்க்கொண்டிருந்ததும் அவருக்குத் தெரியும். ஓவருக்கு மூன்று சொச்சம் எடுத்தால் பாகிஸ்தான் ஜெயித்துவிடும் நிலை. ஆசை வேலை செய்தது. கடைசி நாள் ஆண்டர்சனும் ராபின்சனும் பழைய பந்தில் ரிவர்ஸ் ஸ்விங் (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பந்தை வளைப்பது) செய்து ஆளுக்கு நான்கு விக்கெட் எடுத்தார்கள். இருட்டு கவியும் நேரத்தில் 74 ரன்னில் இங்கிலாந்து ஜெயித்தது.

அந்தப் பந்தை எப்படிப் பராமரித்தார்கள் என்பதும் எல்லோரும் பார்த்ததுதான். முதல் இன்னிங்ஸில் ஜோ ரூட் பந்தை எடுத்துப்போய் ஜாக் லீச்சின் வழுக்கைத் தலையில் தேய்த்தார். எச்சிலுக்குத் தடை, வியர்வைக்குத் தடை இல்லை. சட்டத்துக்குள் நின்று எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அந்த ஆட்டம் ஒரு முழு உதாரணம்.

பந்து: கையில் எடுத்துப் பாருங்கள்

லெதர் பந்து 155.9 முதல் 163 கிராம் எடை இருக்கும், சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்டிமீட்டர். இந்திய டெஸ்டுகளில் மீரட்டில் தயாராகும் எஸ்.ஜி. பந்து, இங்கிலாந்திலும் வெஸ்ட் இண்டீஸிலும் டியூக்ஸ், ஆஸ்திரேலியா முதலிய இடங்களில் கூக்கபுரா. எஸ்.ஜி., டியூக்ஸ் இரண்டிலும் ஆறு வரிசைத் தையலும் கைத்தையல், சீம் (தையல் மேடு) நிமிர்ந்தே நிற்கும். கூக்கபுராவில் வெளி வரிசைகள் மெஷின் தையல், சீக்கிரம் படிந்துவிடும்.

பாளையங்கோட்டைக் கல்லூரி மைதானங்களில் மேட் விரித்து ஆடும்போது முப்பது ஓவர் போட்ட பந்தை வாங்கிக் கையில் உருட்டிப் பாருங்கள். நன்றாகப் பராமரித்த அணியின் பந்தில் ஒரு பக்கம் கருஞ்சிவப்பாக, விரல் வழுக்கும்படி இருக்கும். கம்பெனி முத்திரையின் தங்க எழுத்து பாதி அழிந்திருக்கும். மறு பக்கம் வெளிறி, தோல் நார்நாராக எழும்பி நகத்தில் மாட்டும். தேய்த்தவரின் பேண்ட்டில் வலது தொடை மேல் ஒரு செங்கறை. பராமரிக்காத அணியின் பந்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளிறியிருக்கும். அந்தப் பந்து எதுவும் செய்யாது.

ஏன் ஒரு பக்கம் மட்டும்? புதுப் பந்தில் பளபளப்பான பக்கத்தில் ஓடும் காற்று சீக்கிரம் பிரிந்துவிடும். சீம் பக்கம் கலங்கிய காற்று இன்னும் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டு போகும். அந்த வித்தியாசத்தில் பந்து சீம் சாய்ந்திருக்கும் பக்கம் வளையும். இதுதான் வழக்கமான ஸ்விங். பந்து பழசாகி ஒரு பக்கம் சொரசொரத்து, பவுலரும் நல்ல வேகத்தில் போட்டால் கணக்கு தலைகீழாகி, பளபளப்பான பக்கத்தை நோக்கி வளையும். அதுவே ரிவர்ஸ். இதை உலகுக்குக் காட்டியவர்கள் பாகிஸ்தானியர்கள். சர்ஃப்ராஸ் நவாஸ் 1979இல் மெல்போர்னில் 86 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்தார், அதில் கடைசி ஏழு விக்கெட்டை 33 பந்தில் ஒரே ரன் கொடுத்து. பிறகு இம்ரான், வாசிம், வக்கார். வெள்ளைக்காரர்கள் அப்போது அதைத் திருட்டு என்றார்கள். அவர்களே கற்றுக்கொண்ட பிறகு கலை என்றார்கள். அந்த அநியாயம் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆறாம் படி: எதுவரை சரி, எங்கே தப்பு

41.3ஆவது சட்டம் தெளிவாகவே இருக்கிறது. வெளிப்பொருள் எதுவும் சேர்க்காமல், நேரத்தை வீணாக்காமல் பந்தைத் துணியில் தேய்க்கலாம். ஈரமானால் அம்பயர் அனுமதித்த துணியில் துடைக்கலாம். மண் ஒட்டினால் அம்பயர் பார்த்துக்கொண்டிருக்க அகற்றலாம். வியர்வை பூசலாம். எச்சில் கூடாது. கொரோனா காலத்தில், 2020இல் தற்காலிகமாக வந்த தடை, 2022 அக்டோபரிலிருந்து நிரந்தரச் சட்டமானது. 2025 ஐ.பி.எல்.லில் மட்டும் எச்சிலுக்கு அனுமதி கொடுத்தார்கள், அதைப் பார்த்துவிட்டு டெஸ்டிலும் சரி என்று நினைக்க வேண்டாம்.

தப்பு எது? நகத்தால் சுரண்டுவது, தையலைப் பிரிப்பது, தரையில் தேய்ப்பது, வேண்டுமென்றே பந்தைத் தரையில் அடித்து எறிவது, மிட்டாய் எச்சில், வாசலின், சன் ஸ்கிரீன், உப்புத்தாள், சோடா மூடி. சோடா மூடி கற்பனை இல்லை. 1990 ஃபைசலாபாத் டெஸ்டில் நியூசிலாந்தின் கிறிஸ் பிரிங்கிள் பாட்டில் மூடியால் பந்தைச் சுரண்டியதைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

தமிழ்நாட்டு மண்ணிலேயே ஒரு வழக்கு உண்டு. 1977 ஜனவரியில் சேப்பாக்கம் டெஸ்டில் இங்கிலாந்தின் ஜான் லீவர் நெற்றியில் வாசலின் தடவிய துணிப்பட்டை கட்டியிருந்தார். வியர்வை கண்ணில் விழாமல் இருக்க என்றார்கள். நம்ம கேப்டன் பிஷன் பேடி, அந்த வாசலின் பந்துக்குப் போகிறது என்று புகார் செய்தார். லீவருக்குத் தண்டனை இல்லை. சென்னை வெயிலில் வியர்வை கண்ணில் விழும் என்பது உண்மை. ஆனால் வாசலின் பந்து பக்கமே வரக்கூடாது என்ற பேடியின் வாதத்தில் எனக்கு எந்தத் தவறும் தெரியவில்லை.

1994 லார்ட்ஸில் இங்கிலாந்து கேப்டன் மைக் ஆதர்டன் பாக்கெட்டிலிருந்து மண்ணை எடுத்தது கேமராவில் சிக்கியது. கையை உலர வைக்க என்றார். அணி நிர்வாகம் 2000 பவுண்டு அபராதம் விதித்தது. நம்மவர்களும் விலக்கல்ல. 2001 போர்ட் எலிசபெத்தில் சச்சினுக்கு மேட்ச் ரெஃப்ரி மைக் டென்னஸ் தண்டனை கொடுத்தார். பந்தின் சீமில் ஒட்டிய புல்லை அம்பயரிடம் சொல்லாமல் அகற்றியதுதான் குற்றம், சேதப்படுத்தியதல்ல என்று பிறகு விளக்கம் வந்தது. 2004இல் பிரிஸ்பேனில், ஜிம்பாப்வேக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில், டிராவிட் இருமல் மிட்டாய் எச்சிலைப் பந்தில் தடவியதற்குப் பாதி ஊதியம் அபராதம். அது தப்புதான், டிராவிட் என்பதற்காக நான் வேறு பெயர் சொல்லப் போவதில்லை.

ஏழாம் படி: குற்றம் என்று சொல்லும் முன்பு

அம்பயர்கள் பந்தை அடிக்கடி வாங்கிப் பார்ப்பார்கள். சேதம் என்று முடிவு செய்தால் பேட்டிங் அணிக்கு ஐந்து ரன் பெனால்ட்டி, பந்து மாற்றம், ஆட்டம் முடிந்ததும் புகார். 2018க்குப் பிறகு ஐ.சி.சி. (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) இதை மூன்றாம் நிலைக் குற்றமாக உயர்த்தியது. ஆறு டெஸ்ட் வரை தடை வரலாம். எச்சில் விஷயத்தில் 2025இல் ஒரு திருத்தம் வந்தது. எச்சில் பட்டது என்பதற்காகவே பந்தை மாற்றியாக வேண்டிய கட்டாயம் இல்லை, நிலை பெரிதும் மாறியிருந்தால்தான் மாற்றுவார்கள். பந்து பிடிக்காத அணி வேண்டுமென்றே எச்சில் தடவி மாற்றிக்கொள்ளும் வழி அதனால் அடைபட்டது.

2018 மார்ச், கேப்டவுன். ஆஸ்திரேலியாவின் பான்கிராஃப்ட் கையில் மஞ்சளாக ஏதோ இருப்பதும், அதை அவர் பேண்ட்டுக்குள் ஒளிப்பதும் பெரிய திரையில் ஓடியது. முதலில் பிசின் டேப் என்றார்கள், பிறகு உப்புத்தாள் என்று தெரிந்தது. அம்பயர்கள் பந்தைப் பார்த்துவிட்டு, நிலை மாறவில்லை என்று அதே பந்தில் ஆட்டத்தைத் தொடரவிட்டார்கள், ஐந்து ரன்னும் கொடுக்கவில்லை. ஐ.சி.சி. ஆஸ்திரேலிய கேப்டன் ஸ்டீவ் ஸ்மித்துக்கு ஒரு டெஸ்ட் தடைதான் விதித்தது. ஸ்மித்துக்கும் துணைக் கேப்டன் வார்னருக்கும் ஓராண்டு, பான்கிராஃப்டுக்கு ஒன்பது மாதம் என்று கடுமை காட்டியது அவர்களது சொந்த வாரியம். பந்தை ஒன்றும் செய்ய முடியாமல் போன ஒரு முயற்சிக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. கேப்டனுக்குத் தெரிந்து, அணியில் இளையவர் கையில் உப்புத்தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு அதுவே போதும்.

மறு பக்கம் 2006 ஓவல். பாகிஸ்தான் பந்தைச் சேதப்படுத்தியதாக அம்பயர்கள் டாரல் ஹேரும் பில்லி டாக்ட்ரோவும் ஐந்து ரன் கொடுத்தார்கள். டீக்குப் பிறகு பாகிஸ்தான் குறித்த நேரத்தில் இறங்கவில்லை. இங்கிலாந்து ஜெயித்ததாக அறிவித்தார்கள். டெஸ்ட் வரலாற்றில் அப்படி முடிந்த முதல் ஆட்டம். பிறகு நடந்த விசாரணையில் பாகிஸ்தான் கேப்டன் இன்சமாம் மீது பந்தைச் சேதப்படுத்திய குற்றம் நிரூபணமாகவில்லை. இறங்க மறுத்ததற்குத்தான் நான்கு ஒருநாள் ஆட்டத் தடை. ஐ.சி.சி. 2008இல் ஆட்டத்தை டிரா என்று மாற்றி, 2009இல் மறுபடி இங்கிலாந்து வெற்றி என்று திருத்தியது. அதனால் டிவியில் ஒரு வீடியோத் துண்டைப் பார்த்தவுடன் திருடன் என்று கத்த வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். கையில் வெளிப்பொருள் இருந்ததா? அம்பயர் பார்க்கத் தெரிந்தே செய்தாரா, மறைத்துச் செய்தாரா? பந்து திடீரென்று வேறு மாதிரி நடந்துகொண்டதா? இரண்டுக்காவது பதில் கிடைக்காமல் பேசாதீர்கள்.

நம்ம ஊர் இரண்டு நாள் ஆட்டத்துக்கு

நாளைக்கு 90 ஓவர் என்று வைத்துக்கொண்டு, முதலில் ஆடுகிறீர்கள் என்றால், முதல் நாள் 70 ஓவரில் 250 பக்கம் வந்தாலே டிக்ளேர் செய்து, அன்று சாயங்காலமே 18 ஓவர் போடப் பாருங்கள். நாள் முழுக்க வெயிலில் பீல்டிங் செய்த ஓப்பனர்களுக்கு அந்த 18 ஓவர் நரகம். இன்னும் முப்பது ரன் சேர்ப்பதைவிட அப்போது விழும் இரண்டு விக்கெட் பெரிசு. எதிரணியை 100 ரன் பின்னால் சுருட்டினால் பாலோ-ஆன் கொடுக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று தூக்கும். காற்றை முதுகில் வாங்கி ஓடிவரும் முனையை வேகமான பையனுக்குக் கொடுங்கள், காற்றை எதிர்த்து ஸ்பின்னர் போடட்டும், பந்து கொஞ்சம் நின்று இறங்கும். ஐப்பசி, கார்த்திகை என்றால் மழையை நம்பி ஓவரைக் குறைத்தே கணக்கிடுங்கள். 2024 கான்பூரில் இரண்டு நாளுக்கு மேல் மழையில் போன பிறகும், இந்தியா 34.4 ஓவரில் 285க்கு 9 என்று டிக்ளேர் செய்து வங்கதேசத்தை வென்றது. மழை பெய்தால் டிரா என்று முதல் நாளே கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

பந்தைத் தேய்க்க ஒருவரையே நியமியுங்கள். கை அதிகம் வியர்க்காத பையனாக இருக்க வேண்டும். மற்றவர்கள் சீமைப் பிடித்தே அவரிடம் எறிய வேண்டும், சொரசொரப்பான பக்கத்தில் வியர்வை பட்டால் முப்பது ஓவர் வேலை வீண். மேட்டில் ஆடும்போது பந்து தானாகவே சொரசொரத்துவிடும், நீங்கள் எதையும் சுரண்ட வேண்டிய அவசியமே வராது. பளபளப்பைக் காப்பாற்றுவதுதான் பாடு. பீல்டிங் இறங்கும் முன்பு எல்லோர் பாக்கெட்டையும் காலி செய்யச் சொல்லுங்கள், மிட்டாய், சாவி, நாணயம் எதுவும் இருக்கக்கூடாது.

டிக்ளேர் செய்யும் எண்ணம் இருந்தால், முந்தைய இடைவேளையிலேயே உங்கள் பவுலர்களிடம் சொல்லிவிடுங்கள். "தம்பி, இன்னும் எட்டு ஓவர்ல நீ பந்து எடுக்கணும்" என்று கேட்ட பையன் கால்களை நீட்டி, தண்ணீர் குடித்து, ஷூவை மாற்றித் தயாராக இருப்பான். பேட்ஸ்மேன்களைக் கைகாட்டி உள்ளே கூப்பிடும்போது அம்பயரிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எதிரணிக் கேப்டனிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள், ரோலர் வேண்டுமா, எந்த ரோலர் என்று அவர் உடனே முடிவு செய்தாக வேண்டும்.